ஆறு ஆண்டு ஓடிய சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, “பிற்பாடு இன்னொரு கட்சியோடு இணைந்துபோன இரண்டு கட்சிகளுக்கு நீலகிரி மக்கள் எம்.பி. தந்திருக்கிறார்கள்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிறிய கட்சிகள் பற்றி எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. குன்னூரில் அச்சகம் நடத்தியவன் நான். எல்லாக் கட்சி நோட்டீசும் என் மேஜை வழியாகத்தான் போயிருக்கிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எந்த இரண்டு கட்சிகள்? எந்தத் தேர்தல்கள்? (வாசகர், வெலிங்டன்)

1967இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி சார்பில் எம்.கே. நஞ்சா கவுடர். 1996இல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) சார்பில் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம்.

இரண்டுக்கும் நடுவில் நம் தொகுதி பெரும்பாலும் பெரிய கட்சிகளிடம்தான் இருந்தது. 1971இல் தி.மு.க., 1977இல் அ.தி.மு.க., பிறகு 1980, 1984, 1989, 1991 என்று நான்கு தேர்தலிலும் காங்கிரஸின் ஆர். பிரபு. இப்படித் தொடர்ந்து கை சின்னத்துக்கு ஓட்டுப் போட்டுப் பழகிய ஒரு தொகுதி, பிறந்து ஏறக்குறைய ஒரு மாதமே ஆன கட்சியின் சைக்கிளுக்கு மாறியது. அதனால்தான் 1996 எனக்கு மறக்கவில்லை.

கேள்வி: ஒரே மாதத்தில் ஒரு கட்சி தொடங்கி, வேட்பாளர் போட்டு, ஜெயிக்கவும் முடியுமா? எங்கள் பேராசிரியர் சொன்னபோது நம்பவே முடியவில்லை. (கல்லூரி மாணவி, குன்னூர்)

நம்பலாம். ஏனென்றால் அது புதுக் கட்சி, ஆனால் ஆட்கள் பழையவர்கள்.

பின்னணியைச் சொல்கிறேன். 1991இல் காங்கிரஸும் அ.தி.மு.க.வும் கூட்டணி. ராஜீவ் காந்தி கொலையுண்ட அதிர்ச்சியில் நடந்த தேர்தல் அது. கூட்டணி அள்ளிக்கொண்டு போனது. ஆனால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஜெயலலிதா அரசின் மேல் மக்களுக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. ஊழல் புகார்கள், 1995இல் நடந்த அவருடைய வளர்ப்பு மகனின் ஆடம்பரத் திருமணம் எல்லாம் சேர்ந்து, எங்கள் கடைவீதியில் அரசியலே பேசாதவர்களையும் பேச வைத்தன. தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்கள் தனியாக நிற்கலாம், அல்லது தி.மு.க.வோடு நிற்கலாம் என்று எதிர்பார்த்தார்கள். டெல்லியில் பிரதமர் நரசிம்ம ராவ் மறுபடியும் அ.தி.மு.க.வோடுதான் கூட்டணி என்று முடிவு செய்தார். மூப்பனார் வெளியே வந்து த.மா.கா.வைத் தொடங்கினார். ப. சிதம்பரம் உள்பட மாநிலக் காங்கிரஸின் பெரும்பகுதி அவர் பின்னால் வந்துவிட்டது. 1996 மார்ச் மாதக் கடைசியில் இது நடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் தேர்தல்.

எங்கள் ஊரில் அது எப்படி நடந்தது என்பதை நான் பார்த்தேன். வாடகை வீட்டில் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியது போலத்தான். அதே மாடி அறை, அதே பெஞ்சு, அதே வாக்காளர் பட்டியல் கட்டுகள். எந்த எஸ்டேட் லைனில் (தொழிலாளர் குடியிருப்பில்) யாரைப் பார்க்க வேண்டும், எந்த ஹட்டியில் (படுகர் ஊரில்) எந்தப் பெரியவரிடம் முதலில் பேச வேண்டும் என்று தெரிந்தவர்கள் அப்படியே இடம் மாறினார்கள். ஒரு கட்சிக்கு உண்மையான சொத்து அதுதான். அலுவலகமும் கொடியும் அப்புறம்.

சின்னம்தான் பெரிய சிக்கல். கை என்றால் பாட்டிமார்களுக்குக்கூடக் காட்டித் தர வேண்டியதில்லை. சைக்கிளை மலையில் எப்படிக் காட்டுவது? எங்கள் ஊர் ஏற்றத்தில் சைக்கிள் வைத்திருப்பவர்களே குறைவு. கட்சிக்காரர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் சைக்கிள் ஏற்றிக்கொண்டு பர்லியாறு வழியாகக் கொண்டுவந்து, குன்னூர் மவுண்ட் ரோட்டில் தள்ளிக்கொண்டே ஊர்வலம் போனார்கள். இறக்கத்தில் மட்டும் இளைஞர்கள் ஏறி ஓட்டினார்கள். எனக்கு அச்சுக்கு வந்த வேலையும் சைக்கிள்தான். கையளவு நோட்டீஸ், மேலே சைக்கிள் படம், கீழே இரண்டே வரி. ‘படம் பெரிதாக, எழுத்து சின்னதாக இருக்கட்டும் அண்ணா’ என்று சொல்லி வாங்கிப்போனார்கள். காரணம், தேயிலை பறிக்கும் பெண்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடியவர்கள் அன்று குறைவு. லைன் வீட்டுக் கதவுகளில் அந்தத் தாள் தேர்தல் முடிந்த பிறகும் நெடுநாள் ஒட்டியிருந்தது.

முடிவு என்ன ஆயிற்று என்றால், சட்டமன்றத்தில் த.மா.கா.வுக்கு 39 இடம், நாடாளுமன்றத்தில் 20. கூட்டாளியான தி.மு.க.வுக்குச் சட்டமன்றத்தில் 173. காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஓர் இடம்கூட ஜெயிக்கவில்லை. ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். நீலகிரியில் பாலசுப்பிரமணியம் ஜெயித்து, மத்தியில் இணையமைச்சரும் ஆனார். அதற்கு முந்தைய ஐந்தாண்டு அவர் காங்கிரஸ் சார்பில் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர்.

ஒன்றை மறக்கக் கூடாது. அன்றைய நீலகிரி நாடாளுமன்றத் தொகுதி மலை மட்டுமல்ல. ஊட்டி, குன்னூர், கூடலூரோடு மேட்டுப்பாளையம், அவிநாசி, தொண்டாமுத்தூர் என்று சமவெளிச் சட்டமன்றத் தொகுதிகளும் சேர்ந்திருந்தன. மேலே நாங்கள் எடுத்த முடிவு மட்டும் அது என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன்.

கேள்வி: எல்லாம் ரஜினிகாந்த் பேச்சால் வந்த வெற்றிதானே? (வாசகர், ஊட்டி)

‘மறுபடி ஜெயலலிதா வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது’ என்ற அவர் பேச்சு உதவியது, சந்தேகமில்லை. அவர் சைக்கிளில் வருகிற படம் போட்ட போஸ்டர்கள் மேட்டுப்பாளையம் சாலை முழுக்க ஒட்டப்பட்டிருந்தன. ஆனால் கோபம் அவருக்கு முன்பே இருந்தது. மக்கள் முடிவு செய்திருந்ததை அவர் உரக்கச் சொன்னார். அதை மட்டும் வைத்து அந்தத் தேர்தலை விளக்கினால், வெயிலில் அலைந்த கிளைத் தொண்டர்களுக்கு அநியாயம்.

கேள்வி: அவ்வளவு பெரிதாக வந்த கட்சி ஏன் ஆறு ஆண்டுகளில் முடிந்தது? மூப்பனார் இறந்ததுதான் காரணமா? (தேயிலை விவசாயி, கோத்தகிரி)

இல்லை. அவர் இறந்தது 2001 ஆகஸ்டு 30. கட்சி காங்கிரஸோடு இணைந்தது 2002 ஆகஸ்டில். தேதிகளை மட்டும் பார்த்தால் ஒன்றுக்குப் பின் ஒன்று வருவதால் அப்படித் தோன்றுகிறது. என் மனதில் அந்தக் கட்சி அதற்கும் முன்பே முடிந்துவிட்டது. எப்போது என்று சொல்கிறேன்.

1996 முதல் 1998 வரை நல்ல காலம். டெல்லியில் ஐக்கிய முன்னணி அரசில் பங்கு, சிதம்பரம் நிதியமைச்சர். 1997இல் தேவகவுடா அரசு விழுந்தபோது பிரதமர் பதவிக்கு மூப்பனார் பெயரும் பேசப்பட்டது. அப்போது பச்சைத் தேயிலைக்கும் நல்ல விலை கிடைத்தது. இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர், ‘சைக்கிள் இருந்தப்போ இலைக்கு விலை இருந்தது’ என்று சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் கட்சியால் வந்த விலை அல்ல. குன்னூர் தேயிலை ஏலத்தில் வெளிநாட்டுக்கு வாங்குகிறவர்கள் கை ஓங்கியிருந்த காலம் அது. பிறகு அந்த வாங்கல் குறைந்தது, விலை விழுந்தது, சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் இந்த மலையில் பேசப்பட்ட ஒரே விஷயம் இலை விலைதான். அந்த நேரத்தில் எங்களுக்காகப் பேச மக்களவையில் த.மா.கா.வே இல்லை.

அது எப்படி இல்லாமல் போனது? 1998 தேர்தலில் தி.மு.க.வோடு சேர்ந்தே நின்றும் மூன்று இடம்தான் கிடைத்தது. கோவைக் குண்டுவெடிப்பு நடந்த சில நாட்களில் வந்த தேர்தல் அது. நீலகிரியும் கோவையும் பா.ஜ.க.விடம் போயின. 1999இல் தி.மு.க. பா.ஜ.க.வோடு கூட்டணி வைத்தது. மூப்பனார் அந்தப் பக்கம் போகவில்லை. ஜெயலலிதா பக்கமும் போகவில்லை. விடுதலைச் சிறுத்தைகள், புதிய தமிழகம் போன்ற கட்சிகளோடு ஒரு மூன்றாம் அணி கட்டினார். திருமாவளவன் சிதம்பரத்தில் முதன்முதலாக நாடாளுமன்றத் தேர்தலில் நின்றது அந்த சைக்கிள் சின்னத்தில்தான். ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை.

ஆனாலும் அந்தக் கட்சியின் வரலாற்றில் நான் தலைநிமிர்ந்து சொல்லும் ஆண்டு 1999தான். தோற்போம் என்று தெரிந்தே, எதற்காகக் கட்சி தொடங்கினோமோ அதை விடாமல் நின்ற தேர்தல். அப்போது நோட்டீஸ் அடிக்க வந்த கிளைச் செயலாளர் ஒருவர் முன்பணம் தர முடியாமல் நின்றார். நான் கேட்கவில்லை. முகத்தில் அவமானம் இல்லை அவருக்கு. ‘இந்த முறை வராது அண்ணா, ஆனா நாம நேரா நிற்கிறோம்’ என்றார்.

இரண்டே ஆண்டில், 2001 சட்டமன்றத் தேர்தலில், த.மா.கா. அ.தி.மு.க.வோடு கூட்டணி சேர்ந்தது. எந்தக் கூட்டணியை எதிர்த்துப் பிறந்ததோ அதே கூட்டணி. அதே கிளைச் செயலாளர் மறுபடி வந்தார். இந்த முறை முன்பணம் கையில் இருந்தது, பேச்சு இல்லை. 23 எம்.எல்.ஏ.க்கள் கிடைத்தார்கள். குன்னூரும் அதில் ஒன்று. சிதம்பரம் அதை ஏற்காமல் வெளியேறிக் காங்கிரஸ் ஜனநாயகப் பேரவையைத் தொடங்கினார். அதுவும் 2004இல் காங்கிரஸோடுதான் போய்ச் சேர்ந்தது.

பா.ஜ.க.வைத் தடுக்க வேண்டும், மதச்சார்பற்ற அணி வேண்டும் என்று அன்று காரணம் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு கட்சி எந்தக் காரணத்துக்காகப் பிறந்ததோ அதைக் கைவிட்ட பிறகு, அது ஏன் தனியாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. 2001இல் காங்கிரஸும் த.மா.கா.வும் ஒரே கூட்டணியில், ஒரே மேடையில். அப்புறம் இரண்டு கொடி எதற்கு? 2002இல் மூப்பனாரின் மகன் ஜி.கே. வாசன் இணைத்தது, ஏற்கெனவே நடந்துவிட்டதை எழுத்தில் போட்டது மட்டுமே. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஒரு கட்சி இணையும்போது சட்டப்படி என்ன நடக்கிறது? எம்.எல்.ஏ., சின்னம், உறுப்பினர் எல்லாம் என்ன ஆகும்? (சட்டக் கல்லூரி மாணவர், மேட்டுப்பாளையம்)

எம்.எல்.ஏ., எம்.பி.க்களைப் பற்றித்தான் சட்டம் அதிகம் கவலைப்படுகிறது. 1985இல் அரசமைப்பில் சேர்த்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், இணைப்புக்கு ஒரு வழி விட்டிருக்கிறது. அந்த அவையில் உள்ள கட்சி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் அது இணைப்பு, பதவி போகாது. ஒப்புக்கொள்ளாமல் தனியாக நிற்பவர்களுக்கும் பதவி போகாது. முன்பு மூன்றில் ஒரு பங்கு பிரிந்தாலே ‘பிளவு’ என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தக் கதவை 2003இல் 91ஆவது திருத்தம் மூடியது. நீங்கள் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2002இல் இரண்டு கதவும் திறந்திருந்தன.

சின்னம் தேர்தல் ஆணையத்தின் கையில். 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணைப்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் சேர்ந்தால் புதிய நிலைமையை ஆணையம்தான் முடிவு செய்யும். இணைந்து மறைகிற கட்சி சின்னத்தைக் கையோடு கொண்டுபோக முடியாது.

உறுப்பினரைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இதில்தான் மனம் ஆறவில்லை. ஒரு வட்டாரத்தில் இரண்டு கட்சிக்கும் ஒவ்வொரு தலைவர், ஒவ்வொரு செயலாளர், ஒவ்வொரு பொருளாளர். இணைந்த மறுநாள் ஆட்கள் ஆறு பேர், நாற்காலி மூன்று. மேலே தலைவர்கள் பேசி மாநிலப் பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ளலாம். கீழே அப்படிப் பிரிக்க ஒன்றும் இல்லை. அந்தக் கிளைச் செயலாளர் எஸ்டேட்டில் மஸ்தூர் (கூலி) வேலை பார்த்தவர். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் கட்சி வேலை. முதியோர் உதவித்தொகை மனு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, லைனில் தண்ணீர்க் குழாய் என்று அலைவார். ‘த.மா.கா. கிளைச் செயலாளர்’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு வைத்திருந்தார். அது என் கடையில் செய்ததுதான். மனுவில் அந்த ஸ்டாம்பு இருந்தால் தாலுகா ஆபீசில் உட்காரச் சொல்வார்கள். 2002க்குப் பிறகு அந்த ஸ்டாம்பு செல்லாது. புதிய பொறுப்பும் வரவில்லை. அவர் எந்தக் கட்சிக்கும் போகவில்லை. மனு எழுதிக் கொடுப்பதை மட்டும் விடவில்லை, ஸ்டாம்பு இல்லாமலே.

இணைப்பு மாநாட்டுக்கு முன்னால் கிளைகளில் ஓட்டெடுப்பு நடத்த வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எம்.எல்.ஏ.க்களில் மூன்றில் இரண்டு பங்கு கேட்கிற சட்டம், கிளைகளில் பாதியையாவது கேட்கலாம். சட்டம் படிக்கிற நீங்கள் இதை யோசியுங்கள்.

கேள்வி: என் தந்தை சம்பத்தின் கட்சியில் இருந்தவர். அந்தக் கட்சியைப் பற்றி இன்று யாருமே பேசுவதில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியை, கொடைக்கானல்)

பேச வேண்டிய கட்சி அம்மா அது. உங்கள் தந்தையைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தையும் படித்தேன். இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடிகிறது.

ஈ.வெ.கி. சம்பத் பெரியாரின் அண்ணன் மகன். 1949இல் தி.மு.க. தொடங்கியபோது முன்னணியில் நின்றவர்களில் ஒருவர். 1957இல் நாமக்கல்லில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். டெல்லியில் உட்கார்ந்து பார்த்த பிறகு, திராவிட நாடு என்ற தனிநாட்டுக் கோரிக்கை நடக்கக்கூடியதல்ல, மற்ற மூன்று மொழிக்காரர்களும் அதைக் கேட்கவே இல்லை என்று வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். கட்சிக்குள் வேறு மனக்கசப்புகளும் சேர்ந்துகொண்டன. வேலூர்ப் பொதுக்குழுவில் மோதல், அவர் இருந்த உண்ணாவிரதம் எல்லாம் ஆகி, 1961 ஏப்ரலில் வெளியேறினார். அதே மாதம் தமிழ்த் தேசியக் கட்சி. கவிஞர் கண்ணதாசனும் உடன் போனார்.

1962 தேர்தலில் அந்தக் கட்சி ஓர் இடம்கூடப் பெறவில்லை. அவர்கள் விட்டு வந்த தி.மு.க. 50 இடம் பிடித்தது. 1964இல் தமிழ்த் தேசியக் கட்சி காங்கிரஸோடு இணைந்தது. மூன்று ஆண்டுகள்தான்.

இதை ஒரு தோல்விக் கதையாக மட்டும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீனப் போர் வந்தது. 1963இல் பிரிவினை கேட்கும் கட்சிகள் தேர்தலில் நிற்க முடியாதபடி 16ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. அந்த ஆண்டே தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. 1961இல் எந்த வாதத்தைச் சொன்னதற்காகச் சம்பத் ஏச்சு வாங்கினாரோ, அந்த முடிவுக்கே இரண்டு ஆண்டில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். வாதம் நிறைவேறியதும் கட்சிக்குத் தனி வேலை இல்லை. த.மா.கா. தன் காரணத்தைக் கைவிட்டு முடிந்தது. தமிழ்த் தேசியக் கட்சியின் காரணம் நிறைவேறி, அதனால் முடிந்தது. இரண்டையும் ‘காங்கிரஸில் கரைந்தவர்கள்’ என்று ஒரே வரியில் எழுதுவது சரியில்லை.

உங்கள் தந்தையின் உறுப்பினர் அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். பழைய தாள் அந்தச் சூட்டில் கறுத்துப்போகும். அமிலமில்லாத காகித உறையில் வையுங்கள்.

கேள்வி: ‘பதவி கொடுத்தால் இணைந்துவிடுவார்கள்’, சிறு கட்சிகளின் கதையே இதுதானே? (வாசகர், கூடலூர்)

சில கதைகள் அப்படித் தெரியும். 1952இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை இல்லை. 375இல் 152 இடம்தான். வட மாவட்டங்களில் வன்னியர் ஆதரவோடு வந்த இரண்டு கட்சிகளில், எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம், எம்.ஏ. மாணிக்கவேலரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடம். ராஜாஜி அமைச்சரவையில் மாணிக்கவேலர் மந்திரி ஆனார். 1954இல் காமராஜர் முதல்வரானபோது படையாட்சியாரும் மந்திரி. இரண்டு கட்சிகளும் காங்கிரஸோடு இணைந்தன.

இதைப் பதவி ஆசை என்று தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. அந்தக் கட்சிகள் பிறந்ததே, இவ்வளவு பெரிய சமூகத்துக்கு ஆட்சியில் இடம் இல்லையே என்ற குறையில்தான். மந்திரி சபையில் இடம் என்பது அவர்கள் கேட்டதே. கேட்டது கிடைத்தால் சேர்வார்கள். அதனால் வயலில் வேலை செய்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள், அது நல்ல கேள்வி. அந்தக் குறை முழுவதும் தீரவில்லை என்பதைப் பிற்கால வன்னியர் சங்கப் போராட்டங்களே சொல்கின்றன.

கேள்வி: சிவாஜி கணேசன் கட்சி? (வாசகி, அரவங்காடு)

தமிழக முன்னேற்ற முன்னணி. 1988இல் தொடங்கினார். 1989 ஜனவரி தேர்தலில் ஜானகி அம்மையார் அணியோடு நின்று, அவரே திருவையாற்றில் தோற்றார். பிறகு ஜனதா தளத்தில் இணைந்தது. நடிப்பில் அவ்வளவு பெரிய மனிதருக்கு அந்தத் தோல்வி வந்திருக்க வேண்டாம் என்று இன்றும் வருந்துகிறேன்.

கேள்வி: சுதந்திராக் கட்சி பணக்காரர் கட்சி என்பார்களே. உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்த எங்கள் மலைக்காரர்கள் ஏன் அதற்கு ஓட்டுப் போட்டார்கள்? (வாசகர், கேத்தி)

மன்னர்களும் ஆலை முதலாளிகளும் அதில் இருந்தது உண்மை. ஆனால் 1959இல் அந்தக் கட்சி தொடங்க உடனடிக் காரணம் நிலம். அந்த ஆண்டு நாக்பூர் காங்கிரஸில் கூட்டுறவுப் பண்ணை விவசாயத் தீர்மானம் வந்தது. ‘உன் வரப்பை அழித்துவிடுவார்கள்’ என்ற பயம் பெரிய பண்ணையாருக்கு மட்டுமல்ல, அரை ஏக்கர்க்காரனுக்கும் இருக்கும். நம் மலையில் ஹட்டிக்கு ஹட்டி சொந்தச் சிறு நிலம்தான் வாழ்க்கை. எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பெர்மிட் என்று ராஜாஜி சாடியதும், மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்குப் புரிகிற பேச்சு. என் அப்பா அந்தக் கூட்டங்களுக்கு நோட்டீஸ் அடித்தவர். நட்சத்திரச் சின்னம். அச்சுக்கு அதைவிட எளிதான படம் கிடையாது என்பார்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், 1967இல் நட்சத்திரத்தைத் தூக்கி நிறுத்தியது தி.மு.க. கூட்டணி. அரிசித் தட்டுப்பாடு, 1965 மொழிப்போரின் சூடு, எல்லாம் காங்கிரஸுக்கு எதிராக இருந்தன. மாநிலத்தில் சுதந்திராவுக்கு 20 சட்டமன்ற இடம், 6 நாடாளுமன்ற இடம். இந்தியா முழுக்க 44 எம்.பி.க்கள். 1971இல் தி.மு.க. மறுபக்கம் போனதும் இங்கே சட்டமன்றத்தில் 6 ஆகிவிட்டது, நாடாளுமன்றத்தில் மொத்தமே 8. 1972 டிசம்பர் 25இல் ராஜாஜி மறைந்தார். 1974இல் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கட்சி சேர்ந்தது. உத்தரப் பிரதேச விவசாயிகளின் கட்சியில் போய்ச் சேர்ந்ததை இங்கே பலர் பேப்பரில்தான் படித்தார்கள்.

கேள்வி: 2014இல் வாசன் மறுபடி தொடங்கிய த.மா.கா.வும் பழைய த.மா.கா.வும் ஒன்றுதானா? (வாசகர், குன்னூர்)

பெயர் ஒன்று, ஆட்களில் சிலர் அவர்களே. ஆனால் 1996இல் ஊரில் இருந்த காரணம் 2014இல் இல்லை. 2016இல் மக்கள் நலக் கூட்டணியோடு தென்னந்தோப்புச் சின்னத்தில் நின்று ஓர் இடமும் வரவில்லை. 2024இல் பா.ஜ.க. கூட்டணியில் சைக்கிள் சின்னத்திலேயே நின்றார்கள், அதிலும் வெற்றி இல்லை. 1999இல் மூப்பனார் எந்தப் பக்கம் போக மறுத்தார் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அதை அருகில் இருந்து பார்த்த என்னால் இரண்டையும் ஒரே கட்சி என்று சொல்ல முடியவில்லை.

கேள்வி: நீங்கள் அச்சடித்த அந்தக் காலத் தேர்தல் நோட்டீஸ்கள் இருக்கின்றனவா? ஆய்வுக்குப் பயன்படும். (ஆய்வு மாணவர், கோவை)

1996, 1999, 2001 மூன்று தேர்தலுக்கும் மாதிரிப் பிரதிகள் இருக்கின்றன. எல்லாக் கட்சியினுடையதும். வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தாராளமாக. எனக்குக் குறைவது 1967. அப்பா வைத்திருந்த கட்டு ஒரு மழைக்காலத்தில் செல்லரித்துப் போயிற்று. நட்சத்திரச் சின்னம் போட்ட நீலகிரித் துண்டறிக்கை எந்த வாசகர் வீட்டிலாவது இருந்தால் இதழின் அலுவலக முகவரிக்கு நகல் எடுத்து அனுப்புங்கள். அசலை அனுப்ப வேண்டாம், இப்போது மலையில் மழை விடாமல் பெய்கிறது.